மூடிய குகையும் திறந்த வகுப்பறையும்

கல்விச் சுற்றுலா என்றதும் பிள்ளைகளின் முகம் மலர்வதைக் காணாத பெற்றோர் இலர். கட்டுச்சோறும், பேருந்தில் சன்னலோர இடமும், தோழரோடு பாடிய பாட்டும் நெடுநாள் நினைவில் நிற்கும். இன்றோ இருந்த இடத்திலிருந்தே, கணினித் திரையின் வழியாக, அருங்காட்சியகத்துக்கும் ஆழ்கடலுக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் முறை வந்துள்ளது. இதனை மெய்நிகர் களப்பயணம் என்பர். இது பாடமாகுமா, அன்றிப் பொழுதுபோக்காகவே முடிந்துவிடுமா? இக்கேள்வி ஆசிரியர்க்கு மட்டுமன்று. பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் கவலையுறும் பெற்றோர்க்கும் உரியது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

மூச்சுக்காற்றே பகையாயிற்று

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் மோந்தின்யாக் என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இளைஞர் நால்வர் ஒரு குகைக்குள் இறங்கினர். அதுவே லாஸ்கோ குகை. ஏறக்குறைய 17,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தர் அதன் சுவர்களில் குதிரையையும் மானையும் காட்டெருதையும் தீட்டி வைத்திருந்தனர். காவி மண்ணும் மாங்கனீசுக் கருமையுமே அவர்தம் வண்ணங்கள்.

1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரலாயினர். அவர்கள் தீங்கு நினைத்து வந்தவரல்லர். வியந்து போற்றவே வந்தனர். ஆயினும் அவர்கள் விட்ட மூச்சும், உடலின் வெப்பமும், உள்ளே ஏற்றிய விளக்கொளியும் சுவரைக் கெடுத்தன. பச்சைப் பாசி படர்ந்தது, வெண்சுண்ணம் படிந்தது. 1963இல் குகை மூடப்பட்டது. மக்கள் கண்டு மகிழ, 1983இல் குகையின் முதன்மைப் பகுதிகளைப் போன்ற நகலொன்றும், 2016இல் அதனினும் விரிவான நகலொன்றும் அருகே அமைக்கப்பட்டன. பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்திலோ திரைவழியே குகையினுள் உலவி வரலாம்.

இதிலிருந்து முதல் விதி பிறக்கின்றது. நேரில் செல்ல இயலாத இடத்துக்கே திரைப்பயணம் வேண்டும். பள்ளியின் பின்புறம் குளம் இருக்க, குளத்து உயிர்களைத் திரையில் காட்டுவது வீண் வேலையன்றோ?

பாடத்தை அமைக்கும் முறை

இணையதளத்தைத் திறந்து வைத்து, “பாருங்கள்” என்று விட்டுவிட்டால் சற்று நேரத்தில் மாணவரின் மனம் வேறிடம் தாவிவிடும். இதற்கு ஒரு வழி கண்டவர் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ். அவர் 1995இல் ‘வெப்குவெஸ்ட்’ என்னும் பாடமுறையை வகுத்தார். முன்னுரை, பணி, வழிமுறை, மதிப்பீடு, முடிவுரை என அது படிப்படியாகச் செல்லும். பார்க்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தேர்ந்து தருவார். தகவலைத் தேடி அலைவதில் அன்று, கிடைத்த தகவலைக் கொண்டு சிந்திப்பதில் மாணவரின் நேரம் செல்ல வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

லாஸ்கோ குகையை இம்முறையில் நான்கு வகுப்புகளுக்கான பாடமாக அமைக்கலாம்.

முதல் வகுப்பில் திரையே வேண்டாம். “கதிரவன் ஒளி புகாத இடத்தில் இவர்கள் எவ்வாறு தீட்டினர்?” என்று ஆசிரியர் வினவட்டும். மாணவர் தத்தம் ஊகத்தை எழுதி வைக்கட்டும். கேள்வியோடு செல்பவன் கண்ணுக்கே விடை தென்படும்.

இரண்டாம் வகுப்பில் பயணம். இருபது நிமிடம் போதும். குகையில் கிடைத்த, கொழுப்பிட்டு எரித்த கல்விளக்கைப் பற்றி அறியும்போது, தம் ஊகம் சரியா தவறா என அவர்களே தீர்ப்பிடுவர். ஒரே கணினி உள்ள பள்ளியாயின், ஆசிரியர் அதனை இயக்க, அனைவரும் சூழ்ந்திருந்து காணலாம். இணைப்பு நிலையில்லாத ஊரில் படங்களை முன்னதாகவே சேமித்து வைத்தல் நன்று.

மூன்றாம் வகுப்பு பள்ளி முற்றத்தில். திரையில் அடங்கிய எருதுகளுள் ஒன்று, உண்மையில் 5 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடையது. சுண்ணக்கட்டியால் அந்நீளத்தைத் தரையில் அளந்து வரைந்து, அதனருகே மாணவர் நின்று பார்க்கட்டும். திரை சுருக்கிக் காட்டியதை இங்குப் பாடம் விரித்துக் காட்டும்.

நான்காம் வகுப்பில் வழக்காடுதல். ஒரு குழு தொல்லியலாளர்; ஒரு குழு பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊர்க் கடைக்காரர்; ஒரு குழு நெடுந்தொலைவு கடந்து வந்த பயணிகள்; ஒரு குழு அரசினர். “1963இல் குகையை மூடியது முறையா?” என்பதே வழக்கு. ஒவ்வொரு குழுவும் தான் கண்ட சான்றைக் காட்டியே பேச வேண்டும். கடைக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு என உணரும் மாணவன், மனப்பாடத்தால் பெற முடியாத ஒன்றைப் பெறுகின்றான்.

பெற்றோரே, அன்று மாலை உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், “இன்று கணினியில் என்ன பார்த்தாய்?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “நீங்கள் என்ன தீர்ப்பு அளித்தீர்கள்? ஏன்?” என்று கேளுங்கள். மிக விரும்பும் பொருளை அழியாது காக்கச் சில வேளை அதன் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று பிள்ளை தானே சொல்லக் கேட்பீர்களாயின், அப்பயணம் பயனுடையதே.