ராஜினி என்னும் ஆசிரியை

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிகளை நாடி வரும் கூட்டத்தில் யாரேனும் பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்துவிட்டால், 108 ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி ஓடி வரும் இளம் மருத்துவ உதவியாளர், விழுந்தவரின் கழுத்து அசையாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே, சுற்றி நிற்பவர்களிடம் காற்று வர விலகி நிற்கச் சொல்கிறார். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாதென்றும் எடுத்துச் சொல்கிறார். வைத்தியமும் போதனையும் அங்கே ஒரே காரியமாக நடக்கின்றன. இவ்விரண்டையும் தம் வாழ்வின் தருமமாக ஏற்று, அதன்பொருட்டு ஜீவனையும் இழந்த ராஜினி திரணகமவின் சரித்திரம் நம் தென்காசிச் சீமையில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதே என் குறை.

1954-ஆம் ஆண்டு இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜினி, கொழும்பில் வைத்தியம் பயின்றார். சிங்களவரான தயாபாலவை 1977-இல் மணந்தார். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தில் உடற்கூற்றியல் ஆசிரியையானார். சவத்தை அறுத்து, நரம்பு எது, நாளம் எது, தசை எது என்று மாணவரின் கண்ணையும் கையையும் ஒருங்கே பழக்குகிற அந்தச் சாஸ்திரத்தைக் கல்லாமல் எவரும் வைத்தியராக முடியாது. மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரம் சென்றவர், அங்கேயே சௌகரியமாக உத்தியோகம் பார்த்திருக்கலாம். ஆனால் உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த தம் ஊருக்கே 1986-இல் திரும்பினார். அந்த ஒரு முடிவை எண்ணும்போதெல்லாம் என் மனம் அவரை வணங்குகிறது.

ஆரம்பத்தில், தனி ஈழம் கேட்டு ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகளிடம் அநுதாபம் கொண்டு, காயம்பட்ட போராளிகளுக்குச் சிகிச்சையும் செய்தவர் அவர். பிறகு, துப்பாக்கி ஏந்திய எல்லாத் தரப்பாரும் சாதாரண ஜனங்களுக்குச் செய்த கொடுமைகளைக் கண்டு, எவருக்கும் அஞ்சாமல் அவற்றை எழுதி வைக்கத் துணிந்தார். நம் நாட்டு ராணுவமும் இதற்கு விலக்கன்று. 1987 அக்டோபரில், தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய அமைதிப் படையினர் நோயாளிகளையும், வைத்தியர்களையும், தாதிகளையும் சுட்டுக் கொன்றார்கள். இதை நாம் கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ராஜினி எழுதிய ‘முறிந்த பனை’ என்னும் நூல் அக்காலத்துத் துயரங்களுக்குச் சாட்சியாக நிற்கிறது. அதில் பெண்கள் பட்ட பாட்டைக் கூறும் பகுதி அவர் எழுதியது. பாதிக்கப்பட்ட பெண்களின் வீட்டுக்குச் சென்று, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவர், எழுதுவதோடு நில்லாமல், ஆதரவற்ற பெண்களுக்காகப் ‘பூரணி’ இல்லம் உருவாகவும் முன்னின்றார்.

தம் உயிருக்கு நேரவிருந்த ஆபத்தை அவர் அறியாதவரல்லர். தம்மைச் சுடப்போகும் துப்பாக்கி அந்நியன் கையில் இராது, தம் சமூகம் பெற்ற பிள்ளையின் கையிலேயே இருக்கும் என்று கடிதமொன்றில் எழுதியிருந்தார். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பியவரை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 35. இரண்டு பெண் குழந்தைகள். கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய கணவரும் சகாக்களும் கூறினார்கள்; எவரும் தண்டிக்கப்படவில்லை. 2005-இல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆவணப் படத்தில், ராஜினியாகத் தோன்றியவர் அவர் பெற்ற மகளே.

நர்ஸிங்குக்கும் லேப் டெக்னீஷியன் படிப்புக்கும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் தென்காசியிலும், கடையநல்லூரிலும், செங்கோட்டையிலும் இன்று எத்தனையோ உண்டு. ஊசி போடவும் கட்டுக் கட்டவும் அப்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிற ஆசிரியர்களுக்கும், குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரிப் பேராசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: ‘முறிந்த பனை’ தமிழிலேயே வாசிக்கக் கிடைக்கிறது, வரும் செப்டம்பர் 21 அன்று ஒரு பாடவேளையை ஒதுக்கி, ராஜினி யார் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.