‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி-பதில் பகுதிக்கு பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்:

‘நட்டு 30 நாளான சம்பா. தண்ணீர் நன்றாக நிற்கிறது. உரமும் போட்டாயிற்று. ஆனாலும் பயிர் மஞ்சளடித்து நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகின முட்டை வாடை வீசுகிறது. என்ன செய்யலாம்?’

அதற்குக் கீழே, காகிதத்தின் ஓரத்தில் இன்னும் இரண்டு வரி: ‘வீட்டுக்காரர் வயல் பக்கம் போய் ஒரு மாதமாகிறது. கேட்டால் ஒண்ணும் இல்ல என்கிறார். இதற்கும் ஏதாவது மருந்து உண்டா?’

முதல் கேள்விக்குப் பதில் எளிது. வடிகால் இல்லாத களிமண்ணில் தண்ணீர் ஓயாமல் தேங்கினால் மண்ணில் காற்றோட்டம் போய்விடும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேரைக் கெடுக்கும். வேர் கெட்டால், மண்ணில் சத்து இருந்தும் பயிரால் எடுக்க முடியாது. தண்ணீரை வடித்துவிட்டு, மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சுங்கள். வெள்ளை வேர் விட்ட பிறகு மேலுரம் போடலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் நிவாரணம். நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். ‘அப்பா வெச்ச மரம் சார்’ என்று என் கையைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. நான் நோட்டில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டே அடுத்த தோப்புக்குப் போனேன்.

பொங்கல் முடிந்த பிறகு எனக்குத் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. சோறு இறங்காது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், வழியில் ஏதாவது மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்கத் தோன்றாது.

வீட்டில் கேட்டார்கள். ‘ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்னையாங்க?’ இல்லை. ‘யார்கிட்டயாவது கடன் வாங்கிட்டீங்களா?’ இல்லை. ‘பின்ன என்னதாங்க?’ ‘ஒண்ணும் இல்ல.’

அது பொய்யில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. என் தோப்பு சாயவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், ‘மரம் போனவனே எழுந்து நிக்கிறான், உனக்கு என்னய்யா?’ என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

என்னைப் பேச வைத்தவர், பேராவூரணி பக்கம் 80 மரங்களை இழந்த ஒரு பெரியவர். அவர் காரணம் கேட்கவில்லை. ‘சார், ராத்திரி தூக்கம் வருதா?’ என்றார். மூணு மணிக்கு முழிச்சிடுறேன் என்றேன். ‘சாப்பாடு?’ இறங்கல. ‘எத்தன நாளா?’ எண்ணிப் பார்த்துச் சொன்னேன். ‘எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்ட்ட காட்டினேன். நீங்களும் காட்டுங்க’ என்றார்.

அன்று ராத்திரி அந்த மூன்று பதில்களையும் அப்படியே மனைவியிடம் சொன்னேன். மறுநாள் இருவரும் மனநல மருத்துவரிடம் போனோம். மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் விடியும்வரை தூங்கினேன். அவர் சொன்ன காலம் வரை மருந்தை நிறுத்தவில்லை.

பயிரைக் கேட்பதுபோல்

மஞ்சளடித்த பயிரிடம் ‘தண்ணி இருக்கு, உரம் இருக்கு, உனக்கு என்ன குறை?’ என்று நாம் கேட்பதில்லை. எத்தனை நாளாக, எந்த இலையில், வேர் எப்படி இருக்கிறது என்று அடையாளம் பார்க்கிறோம். மனிதரிடம் மட்டும் முதலில் காரணம் கேட்கிறோம். கடன், மகசூல் இழப்பு, தண்ணீர் வராதது என்று காரணம் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இந்த நோய் வரும். காரணம் சொல்ல முடியாதவர் ‘ஒண்ணும் இல்ல’ என்று முடித்துக்கொள்வார்.

அதனால் சகோதரி, தூக்கம், பசி, உடம்பு அசதி, முன்பு பிடித்த வேலையில் நாட்டம், எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘எல்லாருக்கும்தான் கஷ்டம்’ என்ற பேச்சு வேண்டாம். ‘சாகணும்னு தோணுதா?’ என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே இருப்பது வெளியே வரத்தான் வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

இதைப் படிப்பவரே அந்த நிலையில் இருந்தால்: முழுக்க விளக்க வேண்டியதில்லை. ‘பதினஞ்சு நாளா தூக்கம் இல்ல, வரப்புல போய் உக்காந்தா எழுந்திருக்க முடியல, என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க’ என்று நம்பும் ஒருவரிடம் சொன்னால் போதும். தூக்கத்துக்காகக் குடிப்பது சோர்வைக் கூட்டத்தான் செய்யும்.

பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம்

வேளாண் அலுவலராக இதையும் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் சென்னையைச் சேர்ந்த சிநேகா அமைப்பு ஒரு முயற்சி செய்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி. தெளிக்கும் அன்று மருந்தை எடுத்துப்போய், மிச்சத்தை அங்கேயே திரும்ப வைத்தார்கள். அங்கே தற்கொலை முயற்சிகள் குறைந்தன. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காக்கும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

எங்கே போவது?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘டெலி மானஸ்’ 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104-க்கும் அழைக்கலாம்.

சகோதரி, வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். அது காய மூன்று நான்கு நாளாவது ஆகும். அதற்குள் வீட்டுக்காரரிடம், ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டுவிடுங்கள்.