காவலர் கால் பட்ட வழி

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியின் கடலோரத்தில் ஹால்சாண்ட்ஸ் என்றொரு மீனவ ஊர் இருந்தது. இன்று அங்கே போகிறவர்களுக்குப் பாறைச் சரிவின் மேல் ஒரு பார்வை மேடை மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே கூரை இழந்த சில கற்சுவர்கள். சன்னல் இருந்த இடத்தில் ஓட்டை, அதற்குள் கடல். அலை வந்து சுவரின் காலில் மோதி, கற்களுக்கிடையே சளசளவென்று வடிகிறது. ஊர் என்று சொல்ல மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

1890களில் இங்கே 37 வீடுகள் இருந்தன, ஒரு மதுக்கடையும் இருந்தது. நண்டும் மீனும் பிடித்துப் பிழைத்த ஏறக்குறைய 160 பேர். பாறைத் திட்டில் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு முன்னால் அகலமான கூழாங்கல் கரை. எந்தப் புயல் வந்தாலும் அலையின் வேகத்தை அந்தக் கூழாங்கல் வாங்கிக்கொள்ளும். 1897இல் பிளிமத்தில் கடற்படைத் தளத்தை விரிவாக்கும் வேலைக்குக் கான்கிரீட் போடக் கல் தேவைப்பட்டது. இந்த ஊருக்கு எதிரே கடலடியில் தோண்டி அள்ளத் தொடங்கினார்கள். எடுத்த கல்லைக் கடலே திரும்பக் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அந்தக் கூழாங்கல்லோ பனியூழிக்குப் பிறகு ஒரே முறை சேர்ந்த பழைய செல்வம். திரும்ப வரவே இல்லை. ஊரார் முறையிட்டு முறையிட்டு 1902இல் அள்ளுவதை நிறுத்தியபோது சுமார் 6.5 லட்சம் டன் போயிருந்தது.

1917 ஜனவரி 26. கிழக்குக் காற்றும் ஏற்றக் கடலும் சேர்ந்து வந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அந்தப் புயலுக்குப் பின் குடியிருக்கத் தகுந்ததாய் நின்றது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற அம்மா 1964இல் தாம் இறக்கும் வரை வாழ்ந்தார். சுற்றிலும் அண்டை வீட்டாரின் இடிந்த சுவர்கள், அடுப்பெரிந்த வீடு அது ஒன்றே.

இந்த மேடையைத் தொட்டுக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதைதான் தென்மேற்குக் கடலோரப் பாதை. சாமர்செட்டில் மைன்ஹெட் ஊரில் தொடங்கி, டெவனின் வடகரை, கார்ன்வால் முழுவதும், மறுபடி டெவனின் தென்கரை, டார்செட் என்று வளைந்து பூல் துறைமுகத்தில் முடிகிறது. மொத்தம் 630 மைல், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். முழுவதும் நடக்க ஏழெட்டு வாரம் ஆகும். ஏறிய ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் எவரெஸ்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வரும். ஒவ்வொரு ஓடையும் பாறையை அறுத்துக்கொண்டு கடலில் விழுவதால், பத்து நிமிடம் ஏறினால் பத்து நிமிடம் இறங்க வேண்டும். நான் நடந்தது இதில் சிறு துண்டுதான். அதற்கே முழங்கால் இரண்டு நாள் பேசியது.

பாதை ஏன் இப்படிக் கரையின் விளிம்பிலேயே ஒட்டிப் போகிறது என்று நடப்பவருக்குத் தோன்றும். ஐம்பதடி உள்ளே தள்ளிப் போனால் சமதளமான வயல் இருக்கிறதே! காரணம் கள்ளக் கடத்தல். பிராந்தி, தேயிலை, புகையிலை எல்லாவற்றுக்கும் அரசு கடும் வரி போட்ட காலத்தில், பிரான்ஸிலிருந்து படகில் வரும் சரக்கு இந்தக் கரையின் சின்னச் சின்னக் குடாக்களில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கியது. 1822இல் கடலோரக் காவல் படையை அமைத்தார்கள். ஒரு குடாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் விளிம்பில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் அப்படி நின்று பார்த்துப் பார்த்து நடந்தவர்களின் கால் தேய்த்த வழி இது. இன்று கடலைப் பார்த்து மனம் நிறைகிறோம் என்றால், அது அந்தச் சம்பளக்காரக் கால்கள் தேடிக் கொடுத்த காட்சி. காவலர் ரோந்து நின்ற பிறகு பல இடங்களில் வழி புதர் மண்டியது. 1949இல் வந்த தேசியப் பூங்காச் சட்டம்தான் நெடுந்தூர நடைபாதைகளுக்கு வழிவிட்டது. கார்ன்வால் பகுதி 1973இலும் கடைசித் துண்டு 1978இலும் திறக்கப்பட்டன.

மே மாதத்தில் போங்கள். கார்ஸ் என்னும் முள்புதர் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அதிலிருந்து தேங்காய் வாசனை வரும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, துருவி வைத்த தேங்காயின் வாசனையேதான். தென்னையே இல்லாத நாட்டில், குளிர்காற்றுக்கு நடுவே அது மூக்கில் ஏறியபோது நின்றுவிட்டேன். வழியில் பாதையைக் குறுக்கிடும் எர்ம் ஆற்றின் முகத்தில் பாலமும் கிடையாது, படகும் கிடையாது. கடல் வற்றியிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்தான் கணக்கு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக் கடக்க வேண்டியதுதான். நேரம் தவறினால் பல மைல் சுற்று. வற்றும் நேர அட்டவணை பார்க்காமல் கிளம்பக் கூடாது.

கார்ன்வாலின் மேற்கு முனையில் போட்டலாக் என்ற இடத்தில், கடல் தெறிக்கும் பாறையின் இடுப்பில் இரண்டு கல் கட்டடங்கள் புகைபோக்கியோடு நிற்கின்றன. தகரமும் செம்பும் வெட்டிய சுரங்கத்தின் எந்திரக் கூடங்கள். சுரங்கம் கரையோடு நிற்காமல் கடலுக்கடியிலும் போனது. புயல் நாளில் உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலைக்கு மேல் கடலடிப் பாறைகள் உருளும் சத்தம் கேட்குமாம். அவர்கள் சாப்பாடு பாஸ்டி. நம் சோமாசியைப் பெரிதாக்கி, உள்ளே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓரத்தைத் தடிமனாக மடித்தது போல இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பு, தகர விலை விழுந்தபோது இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக உலகெங்கும் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே பொறுப்பேற்ற பின், மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். மேலே நின்றவருக்கும் கீழே உடைத்தவருக்கும் கூலியிலும் மரியாதையிலும் இருந்த தூரத்தை மறக்க முடியாது. ஆனாலும் அந்தப் புகைபோக்கிகளைப் பார்க்கும் தமிழருக்கு இது முற்றிலும் அந்நிய மண்ணாகத் தோன்றாது. தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் போர்த்கர்னோ கடற்கரை. பம்பாயோடு லண்டனை இணைத்த தந்திக் கம்பி 1870இல் கரையேறிய மணல் அது.

அடுத்து மௌசல் துறைமுகம். 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் தவித்த யூனியன் ஸ்டார் கப்பலில் இருந்தவர்களைக் காக்க, சாலமன் பிரவுன் என்ற மீட்புப் படகில் எட்டுத் தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். இரு கலத்திலும் இருந்த 16 பேரும் மாண்டார்கள். கிறிஸ்துமஸுக்காக ஊரே விளக்கால் ஜொலிக்கும் அந்த நாளில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மணி நேரம் விளக்குகளை அணைத்து வைக்கிறார்கள்.

விளக்கு எரியாத வீடுகள் இங்கே வேறு காரணத்தாலும் உண்டு. அழகான கரையில் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று இரண்டாவது வீடு வாங்குகிறார்கள். வருடத்தில் சில வாரம் வந்து போகிறார்கள். விலை ஏறிவிட, மீன்பிடிக்கிறவரின் மகனுக்குப் பிறந்த ஊரில் வீடு கிடைப்பதில்லை. பொறுக்க முடியாமல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊர் மக்கள் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாய்க் கட்டும் வீடுகளை நிரந்தரமாய்க் குடியிருப்பவருக்கே தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கரையை அழகு பார்க்க வருகிற நானும் இந்த நெருக்கடியில் ஒரு பங்குதான் என்பதையும் உணர்ந்தேன்.

பாறை ஓயாமல் சரிகிறது. முன்பெல்லாம் வழி கடலில் விழுந்தால் அதில் நடக்கும் உரிமையும் கூடவே விழுந்துவிடும். பிறகு நிலத்துக்காரரிடம் புதிதாய்ப் பேசி வாங்க வேண்டும். 2009இல் வந்த கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டம் இதை மாற்றியது. இங்கிலாந்தின் கரை முழுவதையும் ஒரே பாதையாக இணைப்பதற்கான அந்தச் சட்டத்தில், கரை பின்வாங்கினால் பாதையும் கூடவே உள்ளே நகரலாம் என்று எழுதி வைத்தார்கள். வேல்ஸ் இன்னும் வேகம். 2012 மே மாதமே தன் கரை முழுவதையும் 870 மைல் பாதையாகத் திறந்துவிட்டது.

ஹால்சாண்ட்ஸைத் தாண்டி ஸ்டார்ட் பாயின்ட் கலங்கரை விளக்கத்தை நோக்கி நடக்கும்போது, பழைய தடம் ஒன்று புல்லுக்குள் நேராக ஓடிப் பாறை விளிம்பில் அறுந்து நின்றது. அதற்கு முன் முள்கம்பி. பத்தடி உள்ளே, விவசாயி விட்டுக்கொடுத்த வயலோரத்தில் புதுத் தடம். பாதையின் அடையாளமான ஓக் மரக் கொட்டைச் சின்னம் பொறித்த கம்பம் புது மரம், இன்னும் வெளிறவில்லை. அடித்த ஆணியில் துருவும் ஏறவில்லை.