உங்களுக்குத் தெரியுமா? அரிக்கமேடும் அரெட்சோவும்

செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து விழுப்புரம் மாவட்டத்து வயல்களை நனைத்துவரும் சங்கராபரணியின் ஒரு கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, பளபளக்கும் சிவப்பு நிற ‘அரிட்டைன்’ மட்கலத் துண்டுகள் கிடைத்தன. இத்தாலியின் அரெட்சோ நகரத்தின் பெயர் தாங்கிய கலங்கள் அவை. உடைந்த ஓடுகள்தான், ஆனால் எவ்வளவு பெரிய சான்று! அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்ததால், கூடவே கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது.

அரெட்சோவில் ரோமானியர் கட்டிய நீள்வட்ட அரங்கின் இடிபாடுகளை இன்றும் காணலாம். அதன்மேல் எழுந்த மடாலயம் இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். சிவப்புக் கலங்களே அதன் பெருமை. விழுப்புரம், திண்டிவனம் வாசகர்கள் அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை: சுமார் 40 கி.மீ.யில் உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்திலேயே அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்கலாம்.