நெல்மணிக்குள் இருக்கும் உயிர்

காரைக்குடிக்கு வடமேற்கே, பொன்னமராவதிக்கு அண்மையில் உள்ள நெற்குப்பை என்னும் ஊரின் பெயரைக் கேட்டுப் புதியவர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. குப்பை என்னும் சொல்லுக்குக் குவியல் என்பதே பழைய பொருள்; நெற்குப்பையாவது நெற்குவியல். பிரயாண நூல்களாலும் ஜில்லா வரலாற்று நூல்களாலும் பெயர் பெற்ற சோமலெ (1921–1986) பிறந்த ஊர் இது. இவ்வூரைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசன நிலங்களிலும் மானாவாரிப் புன்செய்களிலும் நெல்லே தலைமைப் பயிராக இருப்பதால், பெயர் பொருத்தமானதே.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, வயது வந்தபின் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் இப்பக்கத்துக் கிராமங்களில் பலர் உண்டு. கிராம உதவியாளர்களிலும் அத்தகையோர் உளர். அவர்களுக்குக் கணக்கைக் காட்டிலும் ஜீவ சாஸ்திரமே அச்சம் தருவதாகக் கூறுகின்றனர். கண்ணறை, சுவாசம், மகரந்தச் சேர்க்கை, பாரம்பரியம் என்னும் சொற்கள் வாயில் நுழைவதில்லையாம். ஆனால் இவை யாவும் அவர்கள் வீட்டுக் குதிரிலேயே கிடக்கின்றன. ஒரு பிடி விதைநெல்லைக் கையில் எடுத்துக்கொண்டு இவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பரீட்சை எழுதாத மிராசுதாரர்களுக்கும் இது பயன்படாமற் போகாது. ஏனெனில் நம் பக்கத்தில் வருஷத்திற்கு ஒரே மழைக்காலம், ஒரே விதைப்பு. அவ்விதைப்புப் பழுதானால் அடுத்த வருஷம் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் ஒரு கேள்வி. நெல்லை விதைத்தால் முளைக்கிறது. அரிசியை விதைத்தால் முளைப்பதில்லை. புழுக்கிய நெல்லும் முளைப்பதில்லை. காரணம் யாது? நெல்லை உரித்துப் பார்த்தால், அரிசியின் ஒரு முனையில் ஓரமாக வெள்ளையான சிறு புள்ளி ஒன்று தெரியும். அதுவே முளைக்கரு. எதிர்காலத்து வேரும் குருத்தும் அதற்குள் உருவான நிலையிலேயே உள்ளன. எஞ்சிய பெரும்பாகம் மாவுப் பொருள். அது குழந்தைக்குத் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு போன்றது. அரைவை யந்திரத்தில் தீட்டும்பொழுது முளைக்கரு தவிட்டோடு போய்விடுகிறது. கட்டுச்சோறு மிஞ்சுகிறது, உண்பதற்குரிய பிள்ளை இல்லை. புழுக்கிய நெல்லிலோ முளைக்கரு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆயினும் கொதிநீரின் சூட்டில் மாண்டுவிட்டது. உயிருள்ள விதைக்கும் உயிரற்ற தானியத்திற்கும் வெளித்தோற்றத்தில் பேதம் தெரியாது என்பதை வாசகர்கள் இங்கேயே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அம்முளைக்கரு எதனால் ஆனது? 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையின் மெல்லிய சீவலைப் பூதக்கண்ணாடி வழியே நோக்கி, தேன்கூட்டைப் போன்ற சிற்றறைகளைக் கண்டார். அவற்றையே பள்ளிப் புத்தகங்கள் செல் என்றும், உயிரணு என்றும் கூறுகின்றன. தாவரங்கள் யாவும் இக்கண்ணறைகளால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், பிராணிகளும் அவ்வாறே என்று 1839இல் ஷ்வானும் ஜெர்மானிய தேசத்தில் நிறுவினர். ஒவ்வோர் அறையின் நடுவிலும் உட்கரு ஒன்று உண்டு. அதில் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள. நெல்லுக்கு அவை 12 ஜோடி, அதாவது 24. பயிரின் உயரம், வயது, மணியின் நிறம், நோயைத் தாங்கும் வலிமை ஆகியவை பற்றிய கட்டளைகள் அவ்விழைகளில் அடங்கியுள்ளன. 2005இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி நெல்லின் அக்கட்டளை ஏட்டை முழுவதும் படித்து முடித்தனர். அப்பணியில் இந்தியாவும் பங்கு கொண்டது. ஓர் அறை இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகுவதே நாம் வளர்ச்சி என்று கூறுவது.

இனிச் சுவாசம். விதை மூச்சு விடுகிறது என்றால் பலர் நகைப்பர். களத்தில் ஈரநெல்லைக் குவித்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாட் காலை அக்குவியலுக்குள் கையை நுழைத்தவர் எவரும் நகையார். உள்ளே அடுப்பங்கரைச் சூடு இருக்கும். விதையும் அதன்மேல் ஒட்டியுள்ள பூஞ்சணங்களும் பிராணவாயுவை உட்கொண்டு, மாச்சத்தை மெல்ல எரித்து, கரியமிலவாயுவையும் நீராவியையும் சூட்டையும் வெளிவிடுகின்றன. உலர்ந்த விதையில் இது மிக மிக மெதுவாக நடைபெறும். ஈரம் ஏறினால் விரைவாகும். வெளிவந்த நீராவி மேலும் ஈரத்தையும், சூடு மேலும் வேகத்தையும் உண்டாக்க, குவியல் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இரு சிறு கிண்ணங்களில் வார்த்துக்கொள்க. இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒவ்வொன்றாக அவற்றை வைத்து, ஒரு ஜாடியில் மட்டும் முளைகட்டிய நெல்லை இரண்டு கைப்பிடி இட்டு, இரண்டையும் இறுக மூடி விடுக. மறுநாள் நெல் உள்ள ஜாடியின் சுண்ணாம்புநீர் பால்போல் கலங்கி மேலே ஏடு படிந்திருக்கும். மற்றது ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். கரியமிலவாயு சுண்ணாம்புநீரைக் கலக்கும் இயல்புடையது. இதைவிடச் செலவு குறைந்த சோதனை எந்தப் பள்ளியிலும் இல்லை.

நம் ஜில்லாவின் கவலை இவ்விடத்திலேதான் தொடங்குகிறது. தை மாதத்தில் அறுத்த நெல்லை ஆவணி, புரட்டாசியிற் புழுதியில் விதைக்கிறோம். இடையே ஏழெட்டு மாதம், அதிலும் சித்திரை வைகாசி வெயில், அவ்விதை உயிரோடு கிடத்தல் வேண்டும். ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி விதைகளை ஆராய்ந்து இரண்டு விதிகள் கூறினார். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி சென்டிகிரேடு குறைந்தாலும் அவ்வாறே. வெயிலைக் குறைக்க நம்மால் ஆகாது. ஈரத்தைக் குறைக்க ஆகும். சான்று விதைக்கு 13 சதவீதத்திற்கு மேல் ஈரம் கூடாது என்று அரசாங்கத் தரம் விதித்துள்ளது. நீண்ட நாள் வைப்பவர்கள் 12க்கு இறக்குதல் நலம். மணியைப் பல்லிற் கடித்தால் நசுங்காமல் ஓசையுடன் முறிதல் வேண்டும். குதிரும் கோணியும் தரையிலும் சுவரிலும் படாதிருத்தல் வேண்டும். மாமூலாக நம் பெண்டிர் விதையோடு கலந்து வைக்கும் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் பூச்சிகளை விலக்கத் துணை செய்வன. ஆனால் அவை ஈரவிதையை உலர்ந்த விதையாக்கிவிடமாட்டா. தழை இட்டோம் என்ற தைரியத்தில் காய வைக்காமல் விடுபவரும் உண்டாதலால் இதனைக் கூறினேன்.

மழைத்துளி பட்டதும் விதைக்குள் நிகழ்வது விந்தையான காரியம். முதலில் விதை நீரைக் குடித்து உப்புகிறது. இது பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதே. செத்த விதையும் உப்பும். பின்னரே உயிருள்ள முளைக்கரு விழித்து, ஜிப்ரலின் என்னும் ஒருவகைச் சாற்றை மாவுப்பகுதியின் ஓரத்திற்கு அனுப்புகிறது. அச்செய்தி கிடைத்ததும் அங்குள்ள அறைகள் நொதிகளைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்குகின்றன. முளைகட்டிய தானியம் இனிப்பதன் காரணம் இதுவே. இந்தச் சாறு முதன்முதலில் வெளிப்பட்டதும் நெல்லின் வழியாகத்தான். ஜப்பானில் நாற்று அளவுக்கு மீறி நெடிதாக வளர்ந்து வெளிறிச் சாயும் நோய் ஒன்று உண்டு. ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருளால் அது விளைகிறது என்று 1926இல் குரோசாவா என்பவர் காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்ரலின் எனப் பெயர் பெற்றது.

விழித்த முளைக்கரு மீண்டும் உறங்காது. இதுவே புழுதி விதைப்பின் பெரும் ஆபத்து. ஆவணியில் ஒரு சிறு தூறல் விழுந்து விதையை எழுப்பிவிட்டு, அடுத்த பத்து நாள் வெயில் காய்ந்தால், வெளிவந்த முளை கருகிவிடும். நீரை மட்டும் குடித்து, முளை வெளிவருமுன் உலர்ந்த விதையோ பிழைத்துக்கொள்ளும். அதுமட்டுமன்று, அடுத்த மழைக்கு விரைந்து முளைக்கும். இவ்வியல்பைப் பயன்படுத்தியே, விதையை 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, முளை தோன்றுமுன் எடுத்து, நிழலில் முன்னிருந்த எடைக்கு உலர்த்தி விதைக்கும் முறை ஏற்பட்டது. விதையைக் கடினப்படுத்துதல் என்பது இதன் பெயர். ஊறவைத்த விதையை வெயிலில் உலர்த்துவதும், முளைவிட்டபின் உலர்த்துவதும் விதையைக் கொல்வதற்கே ஒப்பாகும்.

விதைத்த வயல் சொட்டை விழுந்து கிடக்கும்பொழுது, மழை குறையா, விதை குறையா என்ற வழக்கு எழுவது வழக்கம். கிராம அதிகாரிகள் இதனைத் தீர்க்க வல்லுநரை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. மழை பெய்து பத்து நாள் கழித்துச் சொட்டையான இடத்தில் இருபது மணிகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தல் போதும். மணி கெட்டியாக இருந்தால் ஈரம் எட்டவில்லை. அடுத்த மழைக்கு முளைக்கும், உழுது அழித்தல் கூடாது. முளை வெளிவந்து கருகியிருந்தால் மழை ஏமாற்றியது. குருத்து மேலே வரமாட்டாமல் வளைந்து சுருண்டு கிடந்தால், செம்மண் மழையில் இறுகிப் பொருக்குத் தட்டியதே குற்றம். முளையின்றி மணி நசநசத்து நாறினால் விதை முன்னரே செத்தது. வெறும் உமி மட்டும் இருப்பின் எறும்பையோ பறவையையோ கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பள்ளத்தில் நீர் தேங்கிய இடங்களில் மற்றொரு காட்சி: குருத்து நீண்டிருக்கும், வேர் இராது. நெல் நீருக்குள் பிராணவாயு இல்லாமலும் குருத்தை நீட்ட வல்லது. வேர் விடுவதற்கோ பிராணவாயு வேண்டும். நீரை வடித்தால் வேர் இறங்கும்.

மகரந்தச் சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். கதிர் வெளிவந்த வயலில் காலை ஒன்பது மணிக்கு மேல் நின்று பார்த்தால், நெற்பூ வாய் திறப்பதைக் காணலாம். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகள் ஆறு, இறகு போன்ற சூல்முடி இரண்டு, சூலகம் ஒன்று. பூ திறக்கும் சமயத்திலேயே பைகள் வெடித்து மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. அதன் உயிர் சில நிமிஷங்களே. ஆகவே அயல் பூவின் மகரந்தம் கலப்பது மிகவும் அரிது, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கம்பும் மக்காச்சோளமும் அப்படியல்ல, காற்றுவாக்கில் கலந்துவிடுவன. எனவே நெல்லில் நல்ல ரகத்தை வைத்திருக்கும் குடியானவர் தம் விதையைத் தாமே பல போகத்திற்கு வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு நெல்லுக்கு மட்டும் இது பொருந்தாது. ரகம் கெட்டுவிட்டது என்று நாம் கூறுவதிற் பெரும்பாலும் களத்திலும் கோணியிலும் நேர்ந்த கலப்பே. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்போனால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

பாரம்பரியம் என்பது பெற்றோர் குணம் பிள்ளைக்கு வருதல். ஆஸ்திரிய நாட்டுத் துறவி மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட விதிகளை உலகம் 1900இல்தான் கவனித்தது. கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் ஏற்பட்டது. அங்கே பார்னெல் துரை அவ்விதிகளை நம் நெல்லில் சோதித்து 1917இல் எழுதினார். சில சமயம் கட்டளை ஏட்டில் தானாகவே ஓரெழுத்து மாறிவிடுவதுண்டு. கோனாமணி என்னும் ரகத்தில் அவ்வாறு தோன்றிய சன்ன அரிசிச் செடியைப் பிரித்தெடுத்து, 1921இல் ஜி.இ.பி. 24 என்று வெளியிட்டனர். அதன் சந்ததி இன்றும் நம் இலையில் பரிமாறப்படுகிறது. திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6க்கும், ஆந்திரப் பொன்னி என்று கடைகளில் விற்கும் பி.பி.டி. 5204க்கும் அது மூதாதை; டி.கே.எம். 6 வழியாக ஐ.ஆர். 20க்கும் அதன் இரத்தம் சென்றது.

இனி ஒவ்வொருவரும் செய்யவேண்டிய சோதனை. விதை மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடத்திலிருந்தும் நெல்லை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 400 மணிகளை எண்ணி, நூறு நூறாக நான்கு ஈரத்துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்க. துணி காயாதிருத்தல் வேண்டும். நீர் சொட்டவும் கூடாது. ஏழெட்டு நாள் கழித்து வேரும் குருத்தும் நேராக உள்ளவற்றை மட்டும் எண்ணுக. நூற்றுக்கு 80 முளைத்தால் அரசாங்கத் தரம். அறுத்த சில வாரங்களில் இச்சோதனையைச் செய்தல் வீண்; பல ரகங்களுக்கு அப்பொழுது விதையுறக்கம் உண்டு, உயிருள்ளதும் முளைக்காது. 60 தான் முளைக்கிறது என்றால், ஏக்கருக்கு 30 கிலோவுக்குப் பதில் 40 கிலோ தெளித்துச் சரிக்கட்டலாம் என்று எண்ணுவது தப்புக் கணக்கு. நாற்பது மாண்ட மூட்டையில் எஞ்சிய அறுபதும் நோயாளிகளே. துணியில் முளைத்தவை பொருக்குத் தட்டிய செம்மண்ணைப் பிளந்து வரமாட்டா. ஆனி மாதத்திலேயே எண்ணிப் பார்த்துவிட்டால், வேளாண்மை விரிவாக்க மையத்திலோ அடுத்த ஊரிலோ வேறு விதை தேடுவதற்கு ஆடி முழுவதும் கையில் இருக்கும்.