வரிசையும் விடுபடுதலும்: மலையக ஆவணங்களின் கணினிப் பட்டியல் குறித்து

ஆய்வாளன் இன்று ஓர் ஆவணத்தை முதலிற் சந்திப்பது பெரும்பாலும் கணினிப் பட்டியலிலேயாம். பொகவந்தலாவை என்னும் ஊர்ப்பெயரைக் கொடுத்துத் தரவுத்தளமொன்றை வினவின், பொருந்தும் பதிவுகள் யாவும் ஒருங்கே திரைக்கு வருவதில்லை. இருபது இருபதாகப் பக்கங்களாய்ப் பகுக்கப்பட்டே வருகின்றன. இதனை வெறும் வசதியெனக் கொள்வது வழக்கம். ஆயின் பகுப்பதற்கு முன் வரிசைப்படுத்தல் வேண்டும். எதனை வைத்து வரிசைப்படுத்துவது என்பது சார்பற்ற வினாவன்று.

பக்கப் பகுப்பு இரு முறைகளில் நடைபெறுகின்றது. முதலாவது எண்ணிக் கழிக்கும் முறை. மூன்றாம் பக்கம் வேண்டின், முதல் 40 பதிவுகளையும் கழித்து அடுத்த 20 பதிவுகளைக் கணினி தரும். முதற் பக்கத்தை நாம் படிக்கும் வேளையில் வரிசையின் முற்பகுதியிற் புதிய பதிவொன்று சேருமாயின், இருபதாம் பதிவு அடுத்த பக்கத்தில் மீளவும் தோன்றும்; ஒன்று நீக்கப்படின், இடையிலுள்ள ஒரு பதிவு கண்ணிற் படாமலே நழுவும்.

இரண்டாவது குறியிட்டுத் தொடரும் முறை. கடைசியாகக் காட்டிய பதிவின் வரிசைக்குறியை நினைவிற்கொண்டு, 'இதற்குப் பிற்பட்டவை எவை?' எனக் கணினி வினவும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்திற்கு அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருள், பகுப்புப் பட்டியல்களை 200 தலைப்புகள் கொண்ட பக்கங்களாக இம்முறையிலேயே காட்டுகின்றது. ஆங்கு வரிசைக்குறி தலைப்பாகும். தலைப்பில்லாப் பதிவு இல்லையாதலின் இடர் எழுவதில்லை.

ஆனால் பதிப்பாண்டை வரிசைக்குறியாகக் கொள்ளின் நிலைமை வேறாகும். ஆண்டு அறியப்படாதவிடத்து அக்கட்டம் வெற்றாக விடப்படும். தரவுத்தள மொழியில் வெற்றுக் கட்டம் சுழியமன்று. எவ்வெண்ணோடு ஒப்பிடினும் 'ஆம்' என்ற விடையை அது தராது. '1950க்குப் பிற்பட்டவை எவை?' என வினவுங்கால் அத்தகைய பதிவுகள் யாவும் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டியல் நிறைவுற்றது போலவே காட்சியளிக்கும்.

விடுபடுபவை யாருடைய ஆவணங்கள் என்பதே நமது வினா. அரசாங்க அறிக்கைகளும் தோட்டக் கம்பனிகளின் கணக்குகளும் ஆண்டிடப்பட்டவை. ஆட்சிக்கும் மூலதனத்திற்கும் காலக்கணக்கு இன்றியமையாதது. தொழிலாளர் பக்கத்து எழுத்தின் இயல்பு வேறு. 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசையரும், அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையும் பாட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் இயக்கக் கருவிகளாக்கினர். அன்றைய கூட்டத்துக்கென அச்சிடப்படும் பிரசுரத்தில் நாளும் கிழமையும் இருக்கலாம். ஆண்டு பலவேளை இராது. வாய்மொழிப் பாடலுக்கோ பதிப்பாண்டே இல்லை. ஆகவே ஆண்டுவரிசை, எவரது தீய எண்ணமுமின்றியே, ஒரு வர்க்கத்தின் சான்றுகளைப் பின்தள்ள வல்லது.

பரிகாரம் எளிது. ஆண்டோடு ஒவ்வொரு பதிவுக்குமுரிய தனியெண்ணையும் வரிசைக்குறியாகச் சேர்த்தல் வேண்டும். ஒரே ஆண்டின் பதிவுகள் பல இருப்பினும் அவை பக்கங்களுக்கிடையில் தொலையா. ஆண்டற்றவற்றைத் தனித் தொகுதியாக்கி, அதற்கும் பக்கங்கள் ஒதுக்குதல் வேண்டும். ஆய்வாளன் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: பட்டியலின் தலையிற் காட்டப்படும் மொத்தத் தொகையைப் பக்கங்களிற் கண்ட பதிவுகளின் தொகையோடு ஒப்பிடுதல். 130 எனத் தொடங்கிய பட்டியல் 112இல் முடியுமாயின், எஞ்சிய 18 பதிவுகளைத் தேடுவதிலிருந்தே ஆய்வு தொடங்கவேண்டும்.