கோடிக்கு ஓர் அடிக்கோடு

குழந்தைகளே, இந்த எண்ணைச் சட்டென்று படியுங்கள் பார்க்கலாம்: 10000000.

விரல் வைத்துப் பூஜ்ஜியங்களை எண்ணாமல் சொல்ல முடிகிறதா? கஷ்டம்தான். இதையே 1,00,00,000 என்று எழுதினால் "ஒரு கோடி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நடுவில் வந்து உட்கார்ந்த மூன்று கமாக்கள் செய்த உதவி அது.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை வெகுகாலம் இருந்தது. பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991ல் வெளியிட்ட மொழி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அண்ணன், அக்கா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

"கமா போட்டு எழுதினால் தீர்ந்தது" என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை! பைதானில் 1,00,000 என்று எழுதினால் அது லட்சம் என்று எடுத்துக்கொள்ளாது. அதற்குக் கமா என்பது ஒரு பொருளை அடுத்த பொருளிலிருந்து பிரிக்கும் குறி. எனவே ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று மூன்று தனித்தனி எண்களாகப் பிரித்துக்கொள்ளும். தப்பு என்று சொல்லவும் சொல்லாது. கோவை மாவட்டத்தின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை 34,58,045. அதைக் கொடுத்தால் மட்டும் "045 என்று பூஜ்ஜியத்தில் தொடங்கலாமா?" என்று சண்டைக்கு வரும். சண்டை போடுவதுகூட நல்லதுதான். வாயைத் திறக்காமல் லட்சத்தை ஒன்றும் இரண்டு சைபருமாக ஆக்குவதுதான் ஆபத்து.

ஆகவே எல்லோரும் 3458045 என்று ஒட்டியே எழுதி வந்தார்கள். ஒரு பூஜ்ஜியம் கூடிப்போனால் விடை பத்து மடங்கு!

2016 பிப்ரவரியில் கெயார்க் பிராண்டல், செர்ஹி ஸ்டோர்ச்சகா என்ற இருவர் இதற்கு ஒரு கோரிக்கை எழுதினார்கள். பைதானில் எதையாவது சேர்க்க வேண்டுமானால் அப்படி எழுதிக் கொடுப்பதுதான் முறை. அதற்குப் 'பெப்' என்று பெயர். இது 515ஆம் எண் பெப். நம் ஊரில் தெருக்குழாய் கேட்டு மனு கொடுக்கிறோம் அல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எங்களுக்கு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் வேண்டும், மற்ற மொழிகளில் எப்படி இருக்கிறது, வேறு வழிகள் என்னென்ன, அவை ஏன் சரிப்படாது என்பதையும் எழுத வேண்டும்.

சரி, கமாவுக்குப் பதில் எந்தக் குறி? வெறும் இடைவெளி விடலாமா? 10, 20 என்று எழுத நினைத்தவர் கமாவை மறந்தால் அது 1020 ஆகிவிடும். வேண்டாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் 2014ல் ஒற்றை மேற்கோள் குறியைக் கொண்டுவந்தார்கள். பைதானிலோ அந்தக் குறி வார்த்தைகளைத் தொடங்க ஏற்கெனவே பயன்படுகிறது. அதுவும் வேண்டாம். மிஞ்சியது அடிக்கோடு. கோட்டை ஒட்டிக் கீழே கிடக்குமே, இந்தச் சின்னக் குறி: _ . அடா என்ற மொழியில் 1983லேயே இது உண்டு. ஜாவாவில் 2011ல் வந்தது. இதையே கேட்டார்கள்.

எங்கே போடலாம் என்பதற்கும் விதி வேண்டும். இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. 100_ என்று கடைசியில் தொங்கவிடக் கூடாது. 1__00 என்று இரண்டு போடக் கூடாது.

ஒரு விதியை மட்டும் அவர்கள் போடவில்லை: "மூன்று இலக்கத்துக்கு ஒருமுறைதான் போட வேண்டும்" என்ற விதி. இந்தக் கோரிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆறாம் வகுப்புக் கணக்கில் இந்திய முறை, பன்னாட்டு முறை என்று இரண்டு படித்திருப்பீர்கள். மேல்நாட்டார் மூன்று மூன்றாகப் பிரித்து மில்லியன் என்பார்கள். நாம் முதலில் மூன்று, பிறகு இரண்டு இரண்டு. துடியலூர் கடைத்தெருவில் ரசீது வாங்கினாலும் லட்சம் 1,00,000 என்றுதான் இருக்கும். சீனர்களும் ஜப்பானியர்களும் எண்ணுவதோ நான்கு நான்காக. மூன்றுதான் என்று விதி போட்டிருந்தால் நம் கோடி வெளியே நின்றிருக்கும். இப்போது பைதானில் 1_00_00_000 என்றாலும் ஒரு கோடி; 10_000_000 என்றாலும் அதே ஒரு கோடி. கோவையின் மக்கள்தொகையை 34_58_045 என்று எழுதலாம்.

கோரிக்கை ஏற்கப்பட்டு, 2016 டிசம்பரில் வெளிவந்த பைதான் 3.6ல் இது சேர்ந்தது. அதற்கு முந்தைய பைதானிடம் இப்படி எழுதினால் பிழை என்றுதான் சொல்லும். புது வசதி எதற்கும் இந்தச் செலவு உண்டு.

இதெல்லாம் நாம் எழுதிக் கொடுப்பதற்கு. அது நமக்கு எழுதிக் காட்டும்போது? ரேமண்ட் ஹெட்டிங்கர் என்பவர் 2009ல் எழுதிய 378ஆம் எண் பெப் மூலம், "கமா போட்டுக் காட்டு" என்று கேட்கும் வசதி வந்தது. கேட்டால் 10,000,000 என்று மூன்று மூன்றாகத்தான் காட்டும். அடிக்கோடு போட்டுக் காட்டச் சொன்னாலும் அப்படியே. கோடி கொடுத்தால் மில்லியன் திரும்பி வருகிறது! இந்திய வழக்கில் வேண்டுமானால் கம்ப்யூட்டரில் நாட்டு அமைப்பை மாற்றிக் கேட்க வேண்டும். சின்ன வேலைக்குப் பெரிய சுற்று.

இதற்கு நீங்கள் ஒரு மனு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கமாவும் அடிக்கோடும் மூன்று மூன்றுக்கு என்று போய்விட்டன. அவற்றை மாற்றினால் உலகெங்கும் ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் குழம்பும். லட்சம், கோடியாகக் காட்டு என்று சொல்ல எந்தக் குறியைக் கேட்பீர்கள்? அது ஏன் வேறு எதோடும் முட்டாது? நோட்டில் அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள்.